இசைவும் கட்டாயமும்

"வேண்டுமாயின் வாங்குக, வேண்டாவிடின் விட்டுச் செல்க" என்பது வாணிக உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கொள்கை. வணிகன் எவரையும் கைபிடித்து இழுத்து வருவதில்லை. வாங்குவோன் தன் விருப்பத்தால் வருகின்றான். இருவரும் மனமொத்துப் பேசி முடித்த பேரத்திற் பிறர் புகுந்து உரையாட இடமில்லை என்பது இக்கொள்கையினர் கருத்து. இதில் உண்மை பெரிதும் உண்டு. அரசின் ஆணையை மீறுவோன் சிறை புகுவான். வணிகன் கூறும் விலையை மறுப்போனோ தன் வீடு புகுவான். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. மனிதன் தன் பொருளையும் உழைப்பையும் தான் விரும்பியவாறு கொடுத்துக் கொள்ளும் உரிமையே அவனுடைய ஏனைய உரிமைகள் பலவற்றிற்கும் நிலைக்களமாகும்.

ஆயினும், ஒருவன் ஒரு தாளிற் கையெழுத்திட்டான் என்பது கொண்டே அவன் மனமார இசைந்தான் என்று துணிதல் கூடுமோ? படித்துப் பார்க்க இயலாத தாளில் இட்ட கையெழுத்து இசைவாகுமா? வேறு போக்கிடம் இல்லாதவன் தலையசைத்தல் இசைவாகுமா? இன்று இசைந்தவன் நாளை விலக முடியாதவாறு கட்டுண்டானாயின், அவ்விசைவைத் தன்னுரிமையின் விளைவென்று கூறலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் பலர் அடுத்த சில திங்களுக்குள் பணியொப்பந்தம், வாடகை முறி, கடன் பத்திரம் முதலியவற்றிற் கையெழுத்திடும் நிலையில் இருத்தலின், இப்பொருள் நம்மனோர்க்கு ஏட்டளவில் நிற்பதொன்று அன்று.

1. பிறப்பு நிலையும் ஒப்பந்த நிலையும்

பழைய சமுதாயங்களில் மனிதன் செய்யுந் தொழிலையும் அவன் யாருக்கு உழைப்பான் என்பதையும் பெரும்பாலும் அவனது பிறப்பே வகுத்தது. தந்தை எவர்க்கு ஆளோ மகனும் அவர்க்கே ஆள். ஸர் ஹென்றி மெயின் என்னும் அறிஞர் 1861-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பண்டைச் சட்டம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில், முன்னேறும் சமுதாயங்கள் பிறப்பால் அமைந்த நிலையினின்று நீங்கி, ஒப்பந்தத்தால் அமையும் நிலையை நோக்கி நடந்து வந்துள்ளன என்று விளக்கினார். அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே அவர் இந்தியாவிற்கு வந்து, தலைமை ஆளுநரின் அவையிற் சட்ட உறுப்பினராகப் பணியாற்றினார்.

மெயின் கூறிய இவ்வழியின் பெருமையை நம் நாட்டார் எளிதில் உணர்வர். மகன் தந்தையின் தொழிலை விட்டு வேறு தொழில் நாடுதலும், ஊரை விட்டு நகரஞ் சென்று தனக்கு இசைந்த கூலிக்கு உழைத்தலும், பிடித்த கடையில் வாங்கிப் பிடியாத கடையை நீங்குதலும் ஆகிய இவையெல்லாம் ஒப்பந்த உரிமை தந்த நன்மைகள். ஆதலின் தனியார் வாணிகத்தை ஐயக்கண் கொண்டே நோக்குதல் நன்றன்று. தமிழர் வாணிகத்தை இழிவாகக் கருதினாரல்லர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தாம் கொள்ளும் பொருளை அளவிற்கு மிஞ்சிக் கொள்ளாமலும், கொடுக்கும் பொருளைக் குறைத்துக் கொடாமலும் ஒழுகினர் என்று போற்றுகின்றது. வள்ளுவரும் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகர்க்கென்றே அமைத்தார். விற்போன், வாங்குவோன் ஆகிய இருவர் நலமும் ஒருங்கே நிற்கும் இடமே வாணிகம் என்பது முன்னோர் கருத்தென நாம் கொள்ளலாம்.

2. சட்டங் கூறும் இசைவு

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. காலத்திற்கேற்ற திருத்தங்களுடன் அஃது இன்றும் நம்மை ஆள்கின்றது. இருவர் ஒரே பொருளை ஒரே கருத்திற் கொண்டு உடன்படுவதே இசைவு என்று அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகின்றது. அடுத்த பிரிவு, இசைவு வேறு, தன்னுரிமை இசைவு வேறு என்று பிரித்துக் காட்டுகின்றது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, வஞ்சனை, பொய்க்கூற்று, பிழை என்னும் இவ்வைந்தனுள் ஒன்றினாலும் விளையாத இசைவே தன்னுரிமை இசைவாம். முதல் நான்கனுள் ஒன்றால் விளைந்த ஒப்பந்தத்தை, பாதிக்கப்பட்டவன் விரும்பினால் தள்ளிவிடலாம்.

இவ்வைந்தனுள் ஆராய்ச்சிக்கு மிக உரியது தகாத செல்வாக்கு. சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதனை விளக்க எடுத்துக்காட்டுகள் சில தருகின்றது. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்து நோக்குதல் நன்று. முதலாவது: ஒருவன் தன் ஊரிலுள்ள வட்டிக்கடைக்காரனுக்கு ஏற்கெனவே கடன்பட்டவன், அவனிடமே மீண்டும் கடன் வாங்குகின்றான், புதிய கடனின் நிபந்தனைகளோ மனச்சான்றுக்கு ஒவ்வாதனவாகத் தோன்றுகின்றன. இங்கே, தான் தகாத செல்வாக்கைச் செலுத்தவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வட்டிக்கடைக்காரனைச் சாரும். இரண்டாவது: பணச்சந்தையில் முடை நேர்ந்த காலத்து ஒருவன் வங்கியாளரை அணுகிக் கடன் கேட்கின்றான், வங்கியாளர் வழக்கத்தினும் மிக்க வட்டிக்கே கொடுப்பேம் என்கின்றார், அவன் அதற்கு உடன்படுகின்றான். இது வாணிகத்தின் இயல்பான நடவடிக்கையே, இதிற் குற்றமில்லை.

இரண்டிலும் வட்டி மிகுதி. இரண்டிலும் கடன் கேட்பவனுக்கு முடை. எனினும் சட்டம் இரண்டையும் வேறு வேறாக நோக்குவது ஏன்? வங்கியாளருக்கு வந்தவன்மேல் எவ்வகைப் பிடியும் இல்லை. முடை சந்தையினது, வங்கியாளர் உண்டாக்கியதன்று. வேண்டாவிடின் அவன் வேறொரு வங்கியை நாடலாம். ஊர் வட்டிக்கடைக்காரனோ பழைய கடனால் அவன் உள்ளத்தை முன்னரே தன் கைக்குள் வைத்துள்ளான். ஆதலின் விலையின் உயர்வு மட்டும் கட்டாயமாகாது. ஒருவனது உள்ளத்தை மற்றொருவன் ஆளும் நிலையும், அந்நிலையைப் பயன்படுத்தி முறைகேடான ஊதியம் பெறுதலும் கூடியவிடத்தே கட்டாயம் தலைகாட்டுகின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர், விலையேறிய போதெல்லாம் 'கொள்ளை' என்று கூவார். கையெழுத்தைக் கண்டபோதெல்லாம் 'அவன் விருப்பம்' என்று வாளாவிரார்.

இவற்றினின்று, தன்னுரிமை இசைவிற்கு மூன்று அடையாளங்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். ஒன்று, இசைவோன் அறிந்து இசைதல். இரண்டு, அவனுக்கு மாற்று வழி இருத்தல். மூன்று, இசைந்தபின் முறைப்படி நீங்கும் உரிமை இருத்தல். இவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

3. அறிந்து இசைதல்

புகைவண்டியும் தொழிற்சாலையும் தோன்றிய பின்னர், வணிகர் ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் தனித்தனியே பேசி முடித்தல் அரிதாயிற்று. அச்சிட்ட சீட்டுகள் எழுந்தன. 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முடிவான வழக்கொன்று இத்துறையிற் புகழ் பெற்றது. இலண்டன் நகரத்துச் சாரிங் கிராஸ் நிலையத்தின் பொருட்காப்பறையில் ஒருவர் தம் பையை ஒப்படைத்துச் சீட்டொன்று பெற்றார். 10 பவுனுக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்று அச்சீட்டின் பின்புறத்தே அச்சிடப்பட்டிருந்தது. அவர் அதனைப் படித்தாரல்லர். பை காணாமற் போயிற்று. அதன் மதிப்போ 24 பவுன் 10 ஷில்லிங். சீட்டை வாங்கியதனாலேயே அவர் உடன்பட்டார் என்று கம்பெனியார் வாதித்தனர். படிக்கவில்லை என்பது மட்டும் ஒருவனைக் காவாது. எனினும் நிபந்தனை உண்டென்பதை வாடிக்கையாளர் அறிதற்குப் போதிய முயற்சியைக் கம்பெனியார் செய்தனரா என்பதே பார்க்கத் தக்கது என்று நீதிபதிகள் நெறி வகுத்தனர்.

இதனினும் ஒருபடி மேற்சென்றது நம் சென்னை உயர்நீதிமன்றம். சலவை நிலையம் ஒன்றில் ஒரு சேலை காணாமற் போயிற்று. துணி தொலைந்தால் அதன் மதிப்பில் நூற்றுக்கு 15 பங்கே தரப்படும் என்று நிலையத்தார் தம் சீட்டில் அச்சிட்டிருந்தனர். அந்நிபந்தனை செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1966-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அது வெளியாயிற்று. காரணம் எளிது. பொருளைத் தொலைத்தவர் 15 பங்கு கொடுத்துத் தப்பிக்கலாமெனின், தொலைப்பதே ஊதியமாகிவிடும். நேர்மையின்மைக்குப் பரிசளித்தது போலாகும். ஆகவே ஒருவன் அறிந்தே சீட்டைப் பெற்றானாயினும், பொதுநலத்திற்கு மாறான நிபந்தனையைச் சட்டம் நிறைவேற்றித் தாராது.

இக்காலத்துச் சீட்டு கைப்பேசித் திரையில் உள்ளது. பல பக்கங்கள் நீளும் நிபந்தனைகளின் அடியில் 'இசைகிறேன்' என்றொரு கட்டம். அதனைத் தொட்டால் வழி திறக்கும். கடையிற் பொருள் வாங்குங்கால் கைப்பேசி எண்ணைக் கேட்பதும் வழக்கமாயிற்று. பொருளை விற்பதற்கு எண் இன்றியமையாததன்று. ஆதலின் எண் தராதவர்க்கு விற்க மறுத்தல் கூடாது என்று இந்திய அரசின் நுகர்வோர் துறை 2023-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அவ்வாண்டே இயற்றப்பட்ட மின்வழித் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவின் இலக்கணத்தை மிகத் தெளிவாகக் கூறுகின்றது. இசைவு தன்னுரிமையோடு கூடியதாக, குறித்த ஒரு நோக்கத்திற்கு உரியதாக, செய்தி அறிந்து தந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயத்திற்கு இடமற்றதாக இருத்தல் வேண்டும். தந்த இசைவை மீட்டுக்கொள்ளுதலும் தருவதைப் போன்றே எளிதாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ அவ்வேண்டுகோளைப் படிக்கும் வாய்ப்புத் தரப்படல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கூறு. தமிழ் அவற்றுள் ஒன்று. தன் தாய்மொழியில் அறிந்துகொள்ளாத ஒன்றிற்கு ஒருவன் எங்ஙனம் இசைய இயலும்? இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கின்றன.

4. மாற்று வழி

இரண்டாம் அடையாளம் மாற்று வழி. ஒரு தெருவிற் பத்துக் கடைகள் உளவாயின், ஒரு கடைக்காரனது முறைகேட்டிற்கு மருந்து அடுத்த கடையே. அங்கே நீதிமன்றமும் வேண்டா, அதிகாரியும் வேண்டா. வாங்குவோன் கால்களே அவனுக்குக் காவல்.

இதற்குத் தூத்துக்குடியின் வரலாறு நல்லதொரு சான்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு எதிராக, வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. பயணிகளும் வணிகரும் தாமே விரும்பிச் சுதேசிக் கப்பலை நாடினர். எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். இதுகாறும் வாங்குவோர்க்கு நன்மையே. ஆனால் 1908-ஆம் ஆண்டில் வ. உ. சி. சிறைப்பட்டார், 1911-ஆம் ஆண்டளவில் சங்கம் முடிவெய்தியது. அதன்பின் பயணிகளுக்கு இருந்த அந்தத் தெரிவும் மறைந்தது. அரசின் கையும் கம்பெனியின் பணமும் ஒருபுறம் சாய்ந்தபோது, 'வேண்டாவிடின் விட்டுச் செல்க' என்னும் சொல் பொருளிழந்தது. போட்டியால் தாழ்ந்த கட்டணத்தைச் சுதந்திரத்தின் கனியென்று போற்றும் நாம், போட்டியாளரை ஒழித்தற்பொருட்டுத் தாழ்த்திய கட்டணம் அக்கனியைத் தரும் மரத்தையே வெட்டக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அண்மைக்காலத்திலும் இத்தகையதொரு நிகழ்ச்சி உண்டு. வாட்ஸ்அப் என்னும் செய்தித் தொடர்பு நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, இசைவோரே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. உற்றாரும் நண்பரும் வணிகரும் அதனிடத்தே கூடியிருக்கும்போது ஒருவன் மட்டும் நீங்கி எங்கே செல்வான்? இந்தியப் போட்டி ஆணையம் இதனை ஆராய்ந்து, மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதென முடிவு செய்து, 2024 நவம்பரில் அதன் தாய்நிறுவனத்திற்கு 213 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. நிறுவனம் மேன்முறையீடு செய்தது. சிறிய கடையொன்று 'கொள், அன்றேல் செல்' என்று கூறுவதும், ஊர் முழுதும் கூடியிருக்கும் ஒரே மன்றத்தின் வாயிலோன் அதனைக் கூறுவதும் ஒன்றல்ல என்பதே இவ்வழக்கால் நாம் அறிவது.

ஒன்றை வாங்குதற்கு மற்றொன்றையும் வாங்கியே தீரல் வேண்டும் என்று நிபந்தனை விதித்தலும் இவ்வகையினதே. எரிவாயு இணைப்பு வேண்டுமெனின் தம்மிடமே அடுப்பும் வாங்கவேண்டும் என்று முகவர் சிலர் வற்புறுத்திய கதையைக் குடும்பத்தலைவியர் பலர் அறிவர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய செயலைக் கட்டுப்பாட்டு வாணிக முறை என்று குறிக்கின்றது. நுகர்வோர்க்குப் பெருந்தீங்கு விளைக்கும் முறையற்ற ஒப்பந்த நிபந்தனைகளைச் செல்லாதனவென்று அறிவிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையத்திற்கும் தேசிய ஆணையத்திற்கும் அச்சட்டம் வழங்கியுள்ளது.

5. நீங்கும் உரிமை

மூன்றாம் அடையாளமே தலையாயது என்பது நம் கருத்து. புகும் வாயில் எத்துணை அகலமாயினும், வெளியேறும் வாயில் அடைபட்ட இல்லம் சிறையே.

1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் இதற்குச் சான்று. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைச் செய்யாது விட்டால், முதலாளி அவனைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வேலையை முடிக்கவோ நடுவர் ஆணையிடுவார். அதனை மீறினால் மூன்று திங்கள்வரை சிறை. தொடக்கத்தே கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென ஏற்பட்ட இச்சட்டம் பின்னர்ப் பிற இடங்களுக்கும் பரவியது. கூலி கொடாத முதலாளிக்குச் சிறை இல்லை. வேலையை விட்ட கூலியாளுக்கே சிறை. 'நீ விரும்பித்தானே முன்பணம் பெற்றாய்?' என்பதே அவனுக்குக் கூறப்பட்ட நியாயம். 1925-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் இது நீக்கப்பட்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் கண்டது இன்னொரு வகை. கங்காணி வழிச்செலவிற்கும் பிறவற்றிற்கும் முன்பணம் கொடுத்து ஆட்களைச் சேர்த்தான். அத்தொகைகள் தொழிலாளர் தலையிற் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்ல விரும்பினால், இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்து ஆட்களைப் பெறுவர். அக்கடனோ தொழிலாளரைத் தொடர்ந்து செல்லும். ஒருவரும் அவர்களை விலங்கிட்டுக் கொண்டுசென்றிலர். ஆயினும் ஒரு காகிதத் துண்டு விலங்கின் வேலையைச் செய்தது. 1921-ஆம் ஆண்டில் இலங்கை அரசு இத்துண்டு முறையை ஒழித்தது.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் இந்தியச் சட்டம் 1976-ஆம் ஆண்டில் வந்தது. 1982-ஆம் ஆண்டில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் பணிகளில் ஈடுபட்ட தொழிலாளர் பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் இன்னும் ஆழமாகச் சென்றது. அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு விலக்கும் கட்டாய உழைப்பென்பது அடியாலும் அச்சுறுத்தலாலும் பெறும் உழைப்பு மட்டுமன்று. பசியும் வறுமையும் வேறு வழியின்றித் துரத்த, சட்டம் வகுத்த குறைந்த அளவுக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பதும் கட்டாய உழைப்பேயாம் என்று அது கூறிற்று.

இனி, படித்த இளைஞர்க்கு நேர்வதைக் காண்போம். பணியிற் சேருங்கால் இத்தனை ஆண்டு விலகமாட்டேன், விலகினால் இவ்வளவு தொகை தருவேன் என்று எழுதித்தருமாறு நிறுவனங்கள் கேட்கின்றன. இத்தகைய முறி எல்லாம் செல்லாது என்று கூறுவாரும் உளர்; எல்லாம் செல்லும் என்று அஞ்சுவாரும் உளர். இரண்டும் பொருந்தா. மூன்றாண்டிற்குள் விலகினால் 2 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற நிபந்தனையைப் பொதுத்துறை வங்கியொன்றின் வழக்கில் உச்சநீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஆள் தேர்விற்கு வங்கிக்கு நேரும் செலவையும், அவ்வதிகாரியின் பதவியையும் ஊதியத்தையும் எண்ணிப் பார்த்தே அது முடிவு செய்தது. மற்றொருபால், முறியிற் குறித்த தொகை முழுவதும் எந்நிலையிலும் கிடைத்துவிடாது. அத்தொகைக்கு மேற்படாமல், நியாயமான ஈடே பெறலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. விலகிய பின்னரும் அத்தொழிலையே செய்யக்கூடாது என்னும் தடையை 27-ஆம் பிரிவு செல்லாததாக்குகின்றது. 1874-ஆம் ஆண்டிலேயே கல்கத்தா உயர்நீதிமன்றம், ஒரே பகுதியிற் போட்டியிட்ட இருவருள் ஒருவர் தம் தொழிலை அங்கு மூடிவிடுவதாகச் செய்த உடன்பாட்டை இப்பிரிவின்கீழ்ச் செல்லாதென விலக்கியது. எல்லாவற்றிற்கும் மேலாக, விருப்பமற்ற ஒருவனை 'நீ இவரிடமே உழைத்தல் வேண்டும்' என்று எந்த உரிமையியல் நீதிமன்றமும் ஆணையிடுவதில்லை. ஈடு கேட்கலாம், ஆளைக் கேட்கலாகாது.

எனவே, தொகையைக் குறித்த முறி ஒருபுறமிருக்க, மாணவனது மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியிற் பூட்டி வைக்கும் வழக்கமே மிகவும் அஞ்சத்தக்கது. ஈட்டுத்தொகையை நீதிமன்றம் அளந்து குறைக்கலாம். பூட்டிய சான்றிதழோ, வழக்கு முடியும்வரை வேறு பணிக்குச் செல்லும் வாயிலை அடைத்துவிடுகின்றது. பெயர் மாறினும், அது தோட்டத்துத் துண்டின் உறவினதே.

6. வணிகனது உரிமையும் அதன் எல்லையும்

வாங்குவோனுக்கு விருப்பம் உண்டெனின் விற்போனுக்கும் உண்டு. தன் கடை எந்நேரம் திறப்பது, எப்பொருளை விற்பது, கடன் கொடுப்பதா மறுப்பதா என்பன அவனது உரிமை. முரடனையும், கொடுத்த கடனைத் திருப்பாதவனையும் அவன் விலக்கலாம். ஆனால் பொதுமக்களுக்கெனக் கடை திறந்தவன், பிறப்புக் காரணமாக ஒருவனை வாயிலில் நிறுத்தலாமோ? 'இது என் கடை. என் விருப்பம்' என்னும் சொல் இங்கும் செல்லுமோ?

செல்லாது என்பதே நம் நாட்டின் முடிவு. சென்னை மாகாணத்தில் 1938-ஆம் ஆண்டிலேயே, எம். சி. ராஜா முன்னின்ற முயற்சியால், சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுப் பொழுதுபோக்கிடங்கள் ஆகியவற்றிற் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. தேநீர்க் கடையில் இருவகைக் குவளை வைத்து ஒருசாராரை வேறுபடுத்திய கொடுமையை எண்ணுவோர் இவ்விதியின் தேவையை ஐயுறார். ஊரெங்கும் ஒவ்வொரு கடைக்காரனும் ஒரே வகையாகத் 'தன் விருப்பத்தை'ச் செலுத்தினால், விலக்கப்பட்டவனுக்கு விருப்பம் என்னும் சொல்லே இல்லாமற் போகும். ஒப்பந்த உரிமை நம்மைப் பிறப்பின் பிடியினின்று விடுவித்தது என்று மேலே கூறினோம். அவ்வுரிமையையே கருவியாகக் கொண்டு பிறப்பின் பிடியை மீண்டும் நாட்டுதல், ஏறிய ஏணியால் ஏறுவோனைத் தாக்குவதை ஒக்கும்.

7. காவலும் அளவு கடத்தலாகாது

இங்ஙனமாயின், எல்லா ஒப்பந்தங்களையும் அரசே வகுத்துவிடுதல் நன்றன்றோ எனின், அன்று. இரு முனைகளிலும் இடர் உண்டு.

ஒரு முனையை அமெரிக்க நாட்டு வரலாறு காட்டும். அப்பஞ் சுடும் தொழிலாளர் நாளொன்றுக்கு 10 மணி நேரமும் வாரமொன்றுக்கு 60 மணி நேரமுமே உழைக்கலாம் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. அஃது ஒப்பந்த உரிமையைக் குலைக்கின்றது என்று கூறி, 1905-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் அதனை விலக்கியது. கூலியாளனின் 'உரிமையை'க் காத்தற்பொருட்டு அவனது ஓய்வு பறிக்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டில், பெண்களுக்குக் குறைந்த அளவுக் கூலி வகுத்த வாஷிங்டன் மாநிலச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்நீதிமன்றம் தன் பழைய போக்கை மாற்றிக்கொண்டது.

மறு முனையை இங்கிலாந்து காட்டும். அங்கே மணமான பெண், கணவனது பாதுகாப்பிலுள்ளவள் என்னும் பெயரால், தன் சொந்தப் பெயரில் ஒப்பந்தஞ் செய்யும் உரிமையைப் பெரும்பாலும் இழந்திருந்தாள். 1882-ஆம் ஆண்டின் சட்டமே தன் சொத்தைப் பொறுத்தவரை அவளுக்கு அவ்வுரிமையை வழங்கியது. 'உன் நன்மைக்காகவே உன் விருப்பத்தை நாங்கள் வைத்துக்கொள்கின்றோம்' என்னும் காவல், காக்கப்படுவோரைக் குழந்தைகளாக்கிவிடும். காவல் மிகுந்தாரோடு வாணிகஞ் செய்யப் பிறர் முன்வாரார் என்பதும் உண்மை. 18 ஆண்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் முற்றிலும் செல்லாது என்பது 1903-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் உறுதி செய்த விதி. சிறுவர்க்கு அது தக்கதே. ஆனால் அதே காவலை வளர்ந்தார்க்கும் நீட்டினால், அவர்க்குக் கடன் கொடுப்பாரும் வேலை தருவாரும் அரியராவர்.

ஆதலின் நல்ல சட்டம் நமக்காகத் தெரிவு செய்வதன்று. நாம் தெரிவு செய்தற்குரிய நிலையைக் காப்பது. மறைந்த செய்தியை வெளிப்படுத்துமாறு கூறுவதும், போட்டியை அழியாது காப்பதும், வெளியேறும் வாயிலை அடைக்காது தடுப்பதும் அதன் கடமை. அவற்றிற்கு அப்பால், மலிவான பொருளை வாங்குவதா, நல்ல பொருளை வாங்குவதா, மிகுந்த ஊதியமுள்ள கடும்பணியை ஏற்பதா, குறைந்த ஊதியமுள்ள எளிய பணியை ஏற்பதா என்பன அவரவர் உரிமை. தவறாகத் தெரிந்தெடுக்கும் உரிமையும் அதனுள் அடங்கும்.

8. நாம் செய்யத்தக்கவை

சட்டம் எத்துணை நன்றாயினும், பயன்படுத்தாதார்க்கு அது பூட்டிய விளக்கு. கையெழுத்திடுமுன் தாளை வீட்டிற்குக் கொண்டுசென்று படிக்கக் காலம் கேட்டல், இட்டபின் படியொன்று பெறுதல், எழுதாத இடங்களை வெறுமையாக விடாதிருத்தல் ஆகிய இம்மூன்றும் எளியன. நேர்மையான நிறுவனம் இவற்றை மறுக்காது. மறுப்பதே ஓர் அறிகுறி. மூலச் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், படியைக் கொடுக்கலாம். மூலத்தை விட்டுவருதல் தகாது. கடையில் எண் கேட்டால், எதற்கென்று வினவி, வேண்டாவிடின் பணிவோடு மறுக்கலாம். முறைகேடு கண்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

இன்னொன்றும் உண்டு. நம்முட் சிலர் நாளை தாமே முதலாளிகளும் மேலாளர்களும் ஆவர். அன்று தாளை வகுப்பவர் நாம். மேசையின் மறுபுறத்தே பேனாவைக் கையிற் பிடித்து நிற்பவர் வேறொருவர். அவர் இதனை அறிந்து கையெழுத்திடுகின்றாரா, அவருக்கு வேறு வழி உண்டா, நாளை அவர் விரும்பினால் நம்மை விட்டுச் செல்ல இயலுமா என்னும் மூன்று வினாக்களையும் அன்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. மூன்றிற்கும் 'ஆம்' என்று விடை கூறத்தக்க ஒப்பந்தத்தில் இருவரும் உரிமையுடையோர். அத்தகைய வாணிகம் நம் நாட்டிற் பெருகுக.